ஜெர்மனிக்கு மூன்று பாட்டில் தொக்கு

“இது நம்ம தூக்கு இல்லீங்களே.”

தக்காளி வேகவைக்கப் பெரிய பாத்திரம் தேடிச் சமையலறையின் பின்பக்க அலமாரியைக் குடைந்துகொண்டிருந்த லில்லி, எவர்சில்வர் தூக்கு ஒன்றை வெளியே இழுத்தாள். ஒன்றரை லிட்டர் பிடிக்கும். மூடியும் கைப்பிடியும் ஒழுங்காக இருந்தன. வயிற்றில் மட்டும் ஒரு நசுங்கல்.

தக்காளிக் கூடையோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் காசிநாதன் அங்கேயே நின்றார்.

“நம்மளுது இல்லன்னா யாருது?”

“பேரு வெட்டல. பக்கத்துல பாய் வூட்டுதாதான் இருக்கும். நோன்பு மாசத்துல கஞ்சி குடுத்தாங்களே, அம்பரீன் கொண்டாந்து.”

“நோன்பு முடிஞ்சு எத்தினி நாள் ஆவுது?”

லில்லி விரல்களை மடக்கினாள். “அஞ்சு வாரம் இருக்கும்.”

“அஞ்சு வாரமா!” கூடை ஆடியது. “அஞ்சு வாரமா அடுத்தவங்க பாத்திரம் இந்த வூட்ல தூங்கிக்கினு இருக்குது, நீ இப்போ சாவகாசமா சொல்ற!”

“நான் என்னா திருடியா வச்சிக்கினேன்? பெரிய பாத்திரத்துக்குப் பின்னாடி போயிடுச்சு. எடுத்துக்கினு போய்க் குடுத்துட்டா ஆச்சு.”

“வெறுமனேவா?”

லில்லி தூக்கைக் கழுவப் போட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

காசிநாதன் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சொந்தமாக வீடு கட்டி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, அலுவலகத்தில் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தாரோ அப்படியே வீட்டு நாற்காலியிலும் உட்காருகிறவர். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தபாலையும் தவறான கதவில் கொடுக்க விட்டதில்லை. அவருடைய வீட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது. அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. தாமதமாகத் திருப்புவது பற்றிச் சட்டம் எதுவும் இல்லை. தன் வீட்டில் அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

“ரொப்பிக் குடுப்போம்,” என்றார். “கழுத்து வரைக்கும் ரொப்பிக் குடுப்போம்.”

நிரப்புவதற்கு வீட்டில் இருந்தது தக்காளிதான்.

மொட்டை மாடியில் பதினான்கு பைகளில் பதினான்கு செடிகள். எல்லாம் தை மாதத்தில் மகள் எஸ்தருக்காக நட்டவை. எஸ்தர் நர்ஸ். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் பத்து நாளில், ஞாயிற்றுக்கிழமை விமானம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“ப்பா, வேற ஒண்ணும் வாணாம். நம்ம மாடித் தக்காளில அம்மா செய்யற தொக்கு மூணு பாட்டில். ஆறு மாசம் ஓட்டிடுவேன். அங்க தக்காளி பளபளன்னு இருக்குமாம், புளிப்பே இருக்காதாம்.”

அன்றிலிருந்து காசிநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்ததும் மாடி. காபி குடித்ததும் மாடி. தினத்தாளில் ஒரு பக்கம் படித்ததும் மாடி. அணில் வந்ததா, குரங்கு வந்ததா, காம்பு வாடியதா என்று பார்த்துவிட்டு இறங்குவார். இறங்கியதும் பார்க்காமல் விட்ட செடி ஒன்று ஞாபகத்துக்கு வரும். மறுபடி ஏறுவார்.

சித்திரை வெயிலில் எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் பழுக்கத் தொடங்கின. ஐந்து கிலோ சுண்டினால் ஒரு பாட்டில் தொக்கு. மூன்று பாட்டிலுக்குப் பதினைந்து கிலோ. செடிகளில் பதினேழு கிலோ தேறும். அந்த மிச்ச இரண்டு கிலோ காசிநாதனுக்குப் பெருந்தன்மையைக் கொடுத்தது.

வெடிப்பில்லாத, காம்பு பச்சையாக இருந்த பழங்களாகப் பொறுக்கித் தூக்கில் தானே அடுக்கினார். எஸ்தரைக் கூப்பிட்டார்.

“பாய் வூட்ல குடுத்துட்டு வா. தூக்கைப் பத்திப் பேச்சே எடுக்காத. அப்பா தக்காளி குடுத்தாரு, அவ்ளோதான்.”

“நோன்புக் கஞ்சித் தூக்குன்னு சொல்ல வாணாமா?”

“அஞ்சு வாரம் வச்சிக்கினு இருந்தோம்னு நாமளே தண்டோரா போடணுமா? அவங்களும் கேக்க மாட்டாங்க. மரியாதை தெரிஞ்ச குடும்பம்.”

எஸ்தர் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. காசிநாதன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

ஒரு மணி நேரத்தில் கேட் கிறீச்சிட்டது. அம்பரீன் நின்றாள். கையில் அதே தூக்கு.

“அங்கிள், தக்காளி செம டேஸ்ட்டு. மாமி இதக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

சேமியா பாயசம். மேலே முந்திரி மிதந்தது.

அம்பரீன், பக்கத்து வீட்டு ஷரீஃப் பாயின் மருமகள். பாய்க்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடை. நான்கு தலைமுறையாக ஜரிகை விற்ற குடும்பம். தாடையை ஓர் அங்குலம் உயர்த்தியே நடக்கும் மனிதர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தவை ஒரு சுவரும் இருபத்திரண்டு வருட மரியாதையும். இத்தனை வருடத்தில் இவர் அவரை ‘பாய்’ என்பதும், அவர் இவரை ‘சார்’ என்பதும் மாறியதில்லை.

லில்லி பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றினாள். காசிநாதன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. காலியான தூக்கைப் பார்த்தார்.

“தூக்கு திரும்ப வந்துடுச்சே.”

“கழுவிக் குடுத்துடலாம்.”

“வெறுமனேவா?”

“ஐயோ! தக்காளிக்கு பாயசம். சரியாப் போச்சுங்க.”

“தக்காளி கஞ்சிக்கு. அஞ்சு வாரம் லேட் ஆனதுக்கும் சேத்து. பாயசம் புதுசு. பாயசத்துக்கு நாம என்னா செஞ்சோம்?”

எஸ்தர் சிரித்தாள். “ப்பா, இது முடியவே முடியாதுப்பா.”

“முடியும். அவங்களால ஈடு குடுக்க முடியாத மாதிரி ஒண்ணு குடுத்தா முடியும்.”

மறுநாள் முதல் பாட்டில் தொக்கு இறங்கியது. நல்லெண்ணெயில் கடுகு வெடித்து, தக்காளி குழைந்து, மிளகாய்த்தூளும் வறுத்த வெந்தயப் பொடியும் பெருங்காயமும் சேர்ந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை லில்லி அடுப்பை விட்டு நகரவில்லை. ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றப்போனவளைக் காசிநாதன் தடுத்தார்.

“தூக்குல ஊத்து.”

“மொத பாட்டிலுங்க. பொண்ணுக்கு.”

“செடில இன்னும் நிறைய இருக்குது.”

லில்லி ஊற்றினாள். ஊற்றிய விதத்தில் இரண்டு சொட்டு அவர் சட்டையில் தெறித்தது.

சனிக்கிழமை மதியம் தூக்கு திரும்பி வந்தது. உள்ளே எலும்போடு மட்டன் தால்ச்சா. காசிநாதன் மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கரண்டியும் அருமையாக இருந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது.

எதிர் வீட்டில் தறிச் சத்தம் நின்றது. சம்பூர்ணம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கறிவேப்பிலைக்கொத்துகூடக் கைமாறாது.

“ஏமி சார், தறில நாடா ஓடற மாதிரி இங்கயும் அங்கயும் ஓடிக்கினே இருக்குது தூக்கு! யாரு வூட்ல விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணும் இல்லம்மா. பக்கத்து வூட்டு மரியாதை.”

“எங்கிட்டயும் ஒரு தூக்கு இருக்குது சார். மரியாதை மிஞ்சினா சொல்லுங்க.”

உள்ளே வந்து காசிநாதன் கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். தெருவே பார்க்கிறது. இனி நிறுத்தினால், நிறுத்தியவன் யார் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் தக்காளியும் மிஞ்ச வேண்டும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராகக் கோயில் பக்கத்துக் கடைக்குப் போய் வரிசையில் நின்று கோயில் இட்லி வாங்கி வந்தார். மந்தார இலை வாசமும் மிளகும் சுக்கும் மணக்க, வில்லை வில்லையாக நறுக்கித் தூக்கில் அடுக்கச் சொன்னார்.

லில்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “சர்ச்சுக்குப் போனவரு கோயில் இட்லி வாங்கியாந்து பாய் வூட்டுக்குக் குடுக்கறாரு. போதுமா, இன்னும் யாருனா பாக்கி இருக்காங்களா?”

“ஊர்ப் பலகாரம். ஊருக்கே பொது. தக்காளில கை வைக்கல பாரு.”

அன்று சாயங்காலம் அம்பரீன் வரவில்லை. ஷரீஃப் பாயே வந்தார். சலவை ஜிப்பா, அத்தர் வாசனை, கையில் தூக்கு.

“சார், இருபத்திரண்டு வருஷத்துல எங்க வூட்டுக்கு கோயில் இட்லி குடுத்த மொத ஆளு நீங்கதான். வாங்கிக்கினு நான் சும்மா இருந்தா அது இஜ்ஜத் இல்ல, மரியாதை இல்ல.”

மூடியைத் திறந்தார். கோழி வறுவல்.

“எதுக்கு பாய் இதெல்லாம்?”

“நீங்க செய்யறதுக்கு முன்னாடி இது என்னா சார்!”

இருவரும் சிரித்தார்கள். இரண்டு முகத்திலும் சந்தோஷம் இல்லை. தன் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வதிலேயே கவனமாக இருந்ததால் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் போனதும் லில்லி சொன்னாள்: “இட்லி வாங்கினு வர நல்ல யோசனை. இப்போ வூட்டுத் தலைவரே நடந்து வந்துட்டாரு. நீங்களும் நடக்கணும், இல்ல?”

“நடந்துதான் ஆவணும்.”

“கடை இட்லியோடவா?”

காசிநாதன் சமையலறை அலமாரியைப் பார்த்தார். அங்கே சனிக்கிழமை காய்ச்சிய இரண்டாவது பாட்டில் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. லில்லி அதன் முன்னால் போய் நின்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். திங்கட்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டாவது பாட்டில் தொக்கைத் தூக்கில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் காசிநாதன்.

மூன்று பாட்டில் என்பது ஒன்றாகியிருந்தது. செடிகளில் மிச்சம் ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே. ஆனால் எதுவும் முழுதாகக் கனியவில்லை. இன்னும் மூன்று நாளாவது வேண்டும்.

“ஒரு பாட்டில் போதும்பா,” என்றாள் எஸ்தர். “கொஞ்சம் கொஞ்சமா தொட்டுக்கறேன்.”

மகள் அப்படிச் சொன்னது அவரை உறுத்தியது. மாடிக்குப் போனார். இறங்கினார். மறுபடி போனார். பாய் வீட்டு மொட்டை மாடியும் இவர் மாடியும் ஒரே உயரம். அங்கே துணி உலர்த்த வரும் பாயின் மனைவி சைதுன் இந்தப் பக்கம் திரும்பினால் கண்ணில் படுவது தக்காளிதான். காசிநாதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அவங்க தினம் இத்தப் பாக்கறாங்க,” என்று லில்லியிடம் விளக்கினார். “செடி நிறைய பழம் தொங்குது. பாக்கப் பாக்க, இன்னும் என்னா வருமோ, நாம என்னா செய்யணுமோன்னு அவங்களுக்கு ஒரு பரபரப்பு. செடி ஓஞ்சிப்போச்சுன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க.”

“ஓயலையே?”

“ஓஞ்ச மாதிரி காட்டலாம்.”

செவ்வாய்க்கிழமை காலை பதினான்கு செடிகளும் ஒரு நீலத் தார்ப்பாய்க்குள் போயின.

“ப்பா, வெந்துடும்பா,” என்றாள் எஸ்தர்.

“காத்துக்கு இடம் வுட்டிருக்கேன்.”

செவ்வாய் போனது. புதன் போனது. வியாழனும் போனது. தூக்கு வரவில்லை. காசிநாதன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். தூக்கு அதற்குரிய வீட்டில் இருக்கிறது, இந்த வீட்டின் மானமும் இருக்கிறது, எஸ்தருக்கு ஒரு பாட்டிலும் இருக்கிறது. நடுநடுவே தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அவர் மாடிக்குப் போனபோதெல்லாம் பக்கத்து மாடியில் சைதுன் துணி உலர்த்திக்கொண்டோ மிளகாய் காயவைத்துக்கொண்டோ இருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவரைப்போல வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தார்ப்பாயை விலக்கினார். இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல் முகத்தில் ஆவி அடித்தது. இலைகள் சுருண்டு தொங்கின. பழங்களில் பாதி வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தன. காசிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சைதுன் ஒரு வாளித் துணியோடு பக்கத்து மாடிக்கு வந்தாள். இவரைப் பார்த்தாள். செடிகளைப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

மதியம் அம்பரீன் வந்தாள். தூக்கு கனத்தது. மூடியின் இடுக்கில் நெய் மின்னியது.

“மாமி பாத்தாங்களாம் அங்கிள். செடியெல்லாம் போயிடுச்சாமே. ஒரே அழுகை. மட்டன் பிரியாணி. மாமா உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு, மனசு விட்டுடாதீங்கன்னு.”

“ரொம்ப சந்தோஷம்மா,” என்றார் காசிநாதன்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் யாரும் உட்காரவில்லை. வெடித்த பழங்களில் கெடாதவற்றை எஸ்தர் பொறுக்கினாள். காசிநாதன் தோல் உரித்தார். லில்லி அரைத்தாள், காய்ச்சினாள். அவசரத்தில் தோலும் விதையும் சிங்க்கில் போய் அடைத்துக்கொண்டன. சிவப்புத் தண்ணீர் சமையலறைத் தரையில் வழிந்தது. பிளம்பர் சிட்டிபாபுவுக்கு லில்லி மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் அவன் “வந்துக்கினே இருக்கேன்மா” என்றான். இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு பாட்டில் தொக்கு தேறியது. அதுவும் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

லில்லி அதை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு துண்டில் சுற்றி, எஸ்தரின் பெட்டியில் ஸ்வெட்டருக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குக் கார் வர வேண்டும். இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில், கழுவித் துடைத்த அந்தத் தூக்கு உட்கார்ந்திருந்தது. காசிநாதன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ரெண்டு பிடி சக்கரை போட்டுக் குடுத்துடலாம்,” என்றாள் லில்லி. “எல்லாரும் அப்டித்தான் செய்வாங்க. வெறும் பாத்திரம் ஆவாது.”

“பிரியாணி வந்த தூக்குலயா சக்கரை?”

“அப்போ நாளைக்குக் குடுங்க. பொண்ணு ஊருக்குப் போவட்டும்.”

“நாளைக்கு அப்டின்னா மறுபடி லேட்டு. பொண்ணு பிரயாணம் போற நாள்ல பக்கத்து வூட்டுப் பாத்திரத்தை வச்சிக்கினு…”

“அதுக்கு? என்னா செய்யச் சொல்றீங்க?”

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட சிரமத்திலேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

“சாவி குடுக்க மாட்டேன்,” என்றாள் லில்லி.

காசிநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான நிமிர்வு இல்லை.

“எங்கப்பா அடுத்தவங்க நெலத்துல வேலை செஞ்சாரு,” என்றார் மெதுவாக. “மதியம் கூழு குடுப்பாங்க. பாத்திரத்துல குடுக்க மாட்டாங்க. ரெண்டு கையையும் சேத்துப் புடிக்கணும், மேல இருந்து ஊத்துவாங்க. நான் பாத்திருக்கேன். பாத்திரத்தை நம்பி ஒருத்தர் நம்ம வூட்டுக்கு அனுப்பறாங்கன்னா, அது சாதாரணம் இல்ல லில்லி. அத்த நான் வெறுமனே திருப்ப மாட்டேன். ஆனா அந்த பாட்டிலும் எடுக்க வாணாம். அது புள்ளையோடது. நான் போய் பாய்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

அவர் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே அவருக்குத் தெரியாது.

எஸ்தர் அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். பெட்டியைத் திறந்தாள். துண்டைப் பிரித்துப் பாட்டிலைத் தூக்கில் கவிழ்த்துத் தட்டினாள். கடைசிச் சொட்டு எண்ணெய்வரை இறங்கியது.

“எஸ்தர்!”

“வுடுங்கப்பா. அங்க போய் இத்தத் தொட்டுக்கினா தொக்கு ஞாபகமா வரும்? இந்தத் தூக்குதான் வரும். எடுத்துக்கினு போங்க.”

லில்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். காசிநாதன் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அவர் தன் கேட்டைத் திறந்தபோது ஷரீஃப் பாய் அவருடைய கேட்டில் நின்றிருந்தார். தூக்கைப் பார்த்ததும் பாயின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது. தாடையும் இறங்கியது. இரண்டு கைகளையும் கூப்பினார்.

“சார், மாஃப் பண்ணுங்க. இனிமே எங்களால முடியாது.”

“என்னா பாய் ஆச்சு?”

“சைதுன் அடுப்பாண்ட போவ மாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்குது. திங்கக்கெழம நீங்களே நடந்து வந்து தொக்கு குடுத்தீங்க. அந்தத் தூக்கை எத்த வச்சி ரொப்பறதுன்னு வூட்ல நாலு நாள் சண்டை. மகன் ஒண்ணு சொல்றான், மருமவ ஒண்ணு சொல்லுது. கடைக்குப் போனா ஜரிகை எடை தப்பா போடறேன். நான் தோத்துட்டேன் சார். நீங்க பெரிய மனுஷன். ஆனா உங்க தூக்கை வெறுமனே அனுப்பி உங்கள அவமானப்படுத்தக் கூடாதுன்னுதான் இத்தினி நாளும்…”

காசிநாதன் குறுக்கிட்டார். “எங்க தூக்கா?”

“பின்ன?”

“பாய், இது உங்க தூக்கு.”

“எங்களுதா? எஸ்தர் பாப்பா தக்காளியோட கொண்டாந்து குடுத்துதே!”

“நோன்புக் கஞ்சி குடுத்த தூக்கு பாய். நாங்க திருப்பிக் குடுத்தோம்.”

பாய் அவரை உற்றுப் பார்த்தார். “இந்த வருஷம் கஞ்சி பிளாஸ்டிக் டப்பாலதான சார் குடுத்தோம்? பாத்திரத்தைத் திருப்பற தொல்லை யாருக்கும் வாணாம்னு சைதுன்தான் மொத்தமா வாங்கச் சொல்லுச்சு.”

எதிர் வீட்டில் தறி நின்றது. சம்பூர்ணம் வாசலுக்கு வந்துவிட்டாள்.

காசிநாதன் தூக்கைத் திருப்பினார். பாய் குனிந்து பார்த்தார். வயிற்று நசுங்கலை இருவரும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“எங்க பாத்திரம் எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கும் சார்.”

“எங்களுதுலயும்தான் பாய்.”

“அப்போ?”

தெருமுனையிலிருந்து ஒரு டிவிஎஸ் புகைவிட்டுக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. அடைப்பு எடுக்கும் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு சிட்டிபாபு இறங்கினான். சிங்க்கைப் பற்றிச் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தவன், காசிநாதனின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பேசாமல் கிட்டே வந்து தூக்கை வாங்கினான். நசுங்கலைத் தடவினான். மூடியைத் திறந்து முகர்ந்தான். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினான். பிறகு மூடியை அழுத்திப் பூட்டி, வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டே சொன்னான்:

“போன மாசம் உங்க டேங்க் கழுவ வந்தன்னிக்கு நான் துன்னுட்டு மறந்துட்டுப் போன தூக்கு சார் இது, வெறுமனே குடுத்திருந்தாலே வாங்கிக்கினு போயிருப்பேனே!”